விடியுமளவும் எரியும் தீபம்

சாலவாக்கத்தில் தனித்து வாழும் மூதாட்டி ஒருவருக்குப் பூஜையறைத் தீபம் விடியுமளவும் எரியவேண்டும், ஐம்பதாண்டு நியமம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் 2018 பிப்ரவரி 2 இரவு தீப்பற்றியது முதல் அவர் மகனுக்கு அதே கவலை. தீ நெருங்குமுன் புகை சூழும். அதன் நச்சுவாயு உறங்குவோரை விழிக்கவே விடாது.

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர்கள் 2014 முதல் வீடுவீடாகச் சென்று புகையுணர் கருவியை இலவசமாகப் பொருத்துகின்றனர். அதன் ஓசையால் விழித்துப் பிழைத்த குடும்பங்கள் பல. இங்கே அப்பணி பிள்ளைகளுடையது.

தீபத்தை அணைக்கச் சொல்ல மகனுக்கு மனம் வரவில்லை. மின்கலத்தில் இயங்கும் கருவியொன்றை வாங்கிவந்து, அன்னை உறங்கும் கூடத்தின் மேற்கூரையில் பொருத்தினார். பூஜையறையில் வைத்தால் சாம்பிராணிக்கே அலறும் அல்லவா! மாதந்தோறும் பௌர்ணமியன்று அம்மூதாட்டி ஒட்டடைக் கம்பால் அதன் பொத்தானை அழுத்துகிறார். ஓசை கேட்டபின்பே தீபம் ஏற்றுகிறார்.