கடல் கடக்கும் தம்மம்பட்டிப் பிள்ளையார்

சேலம் மாவட்டத்தில், ஆத்தூரிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் அமைந்துள்ளது தம்மம்பட்டி. ஒருபுறம் கொல்லிமலை, மறுபுறம் பச்சைமலை. கொல்லிமலையில் தோன்றி வெள்ளாற்றை நாடிச் செல்லும் சுவேத நதி இவ்வூர் வழியே பாய்கிறது. உக்ர கதலீ லட்சுமி நரசிம்மர் இங்கே கோயில் கொண்டு அருள்பாலிக்கிறார். அவரை வணங்கி ஊருக்குள் நடக்கும் அன்பர்களின் செவியில் விழுவது உளியின் ஓசை. பட்டறைகளில் கொட்டாப்புளியின் தட்டுக்கு இசைந்து பிள்ளையாரின் துதிக்கை வளைகிறது. தசாவதாரப் பலகையில் வராகம் தலை நிமிர்கிறது. திருமகளுக்குத் தாமரை மலர்கிறது. புவிசார் குறியீடு பெற்ற தம்மம்பட்டி மரச்சிற்பக் கலை இதுவே.

இப்பட்டறைகளை நாடி வருவோரில், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்ட பெற்றோரும் உண்டு. மகன் மெல்பர்ன் நகரில் வீடு வாங்கியிருப்பான். மகள் ஆக்லாந்தில் முதற்குழந்தையை ஈன்றிருப்பாள். முதன்முறையாகக் கடல் கடக்கும் பெற்றோர், "வெறுங்கையோடு போவதா? நம் ஊர்ப் பிள்ளையார் அந்த வீட்டில் அமரட்டும்" என்று விரும்புவது இயல்பே. ஆனால் ஒரு நாட்டில் வரவேற்பறை அலங்காரமாக மதிக்கப்படும் மரப்பொருளே மற்றொரு நாட்டின் வாயிலில் சோதனைக்கு உரிய பொருளாகிறது. விவரம் அறியாமல் சென்றால், ஆசையோடு சுமந்து சென்ற திருவுருவம் விமான நிலையத்தோடு நின்றுபோகவும் கூடும். விவரம் அறிந்து சென்றாலோ, அச்சத்துக்கு இடமில்லை.

மரத்தில் எழுந்தருளும் தெய்வம்

கல், உலோகம், சுதை ஆகியவற்றைப் போலவே மரமும் திருவுருவம் அமைக்க உரிய பொருளாக நூல்களில் ஏற்கப்பட்டது. பூரி ஜகந்நாதர் மரத்திருமேனியர். காஞ்சிபுரம் அனந்தசரஸ் திருக்குளத்தில் துயிலும் அத்திவரதரும் அத்தி மரத்தால் ஆனவரே; 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவரும் அப்பெருமான் 2019ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தரிசனம் அளித்ததைக் குடும்பத்தோடு சென்று கண்டவர்கள் பலர். ஆகவே மரத்தால் ஆன பிள்ளையாரை இல்லத்தில் எழுந்தருளச் செய்வதில் குறையேதும் இல்லை. வீட்டு வழிபாட்டுக்குச் சிறிய உருவமே உகந்தது என்பது பெரியோர் வழக்கு. பயணத்துக்கும் அதுவே வசதி.

பிரதிஷ்டை, ஆவாகனம் முதலியவற்றைப் புறப்படும் முன் இங்கேயே செய்துவிடாமல், சென்றடைந்த இல்லத்தில் செய்வது நலம். வழியில் சோதனை அலுவலர்கள் பெட்டியைத் திறப்பர்; உருவத்தைக் கவிழ்த்துப் பார்ப்பர்; ஊடுகதிர்க் கருவியில் நுழைப்பர். அதுவரை அது சிற்பியின் கைவேலையாக இருந்தால் எவர் மனமும் நோகாது. ஆஸ்திரேலியாவில் சிட்னியை அடுத்த ஹெலன்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயில், மெல்பர்னை அடுத்த கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் முதலியவை உள்ளன. அங்குள்ள அர்ச்சகர்களிடம் முன்னரே கேட்டு நாள் குறித்துக்கொள்ளலாம்.

மரத்தைக் கேட்டு வாங்குதல்

தம்மம்பட்டியில் சிற்பம் வாங்குவோர் அழகை மட்டும் பார்த்தால் போதாது. "இது என்ன மரம்? எத்தனை காலம் உலர்ந்தது?" என்ற இரண்டு கேள்விகளையும் சிற்பியிடம் கேட்பது அவசியம். ஈரம் வற்றாத மரம் இங்கே நன்றாகத்தான் தோன்றும். குளிர்நாட்டு வீடுகளில் மாதக்கணக்கில் வெப்பமூட்டி இயங்கும்போது காற்று வறண்டு, மரத்தின் மேற்பரப்பு உள்பகுதியை முந்திக்கொண்டு சுருங்கும். அப்போது பிள்ளையாரின் திருவயிற்றில் வெடிப்பு விழும். ஆதலால் பயணத்துக்குச் சில மாதங்கள் முன்பே சொல்லிவைத்து, நன்கு உலர்ந்த மரத்தில் செய்யச் சொல்வது அறிவுடைமை.

அடுத்தது பூச்சி. மரத்தைத் துளைக்கும் வண்டுகள் ஊசிமுனை அளவில் துளையிட்டு, மாவு போன்ற தூளை வெளித்தள்ளும். சிற்பத்தை வெள்ளைத்தாளின் மீது சில நாட்கள் வைத்திருந்தால், அத்தூள் உதிர்கிறதா என்பது தெரிந்துவிடும். பீடத்தின் அடிப்பாகத்திலும் பின்புறத்திலும் மரப்பட்டை ஒட்டியிருக்கலாகாது. அங்கே முட்டையும் புழுவும் ஒளிந்திருக்கக்கூடும். முன்புறத்துக்குப் போட்ட மெருகை அடிப்பாகத்துக்கும் போடச் சொல்லலாம். ஆனால் மெருகு பூசியதனால் மட்டும் உள்ளிருக்கும் புழு மடியாது என்பதை மறத்தலாகாது.

தாய்நாட்டின் விதிகள்

அயல்நாட்டு வாயிலுக்கு முன் தாய்நாட்டு வாயிலைக் கடக்க வேண்டும். செம்மரத்தை வெளியே கொண்டுசெல்லத் தடையும், சந்தன மரத்துக்குக் கடுமையான கட்டுப்பாடுகளும் உள்ளன. ஈட்டி மரம் 2017ஆம் ஆண்டு ஜனவரி முதல், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகம் குறித்த பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. சிறு பொருள்களுக்குத் தளர்வு உண்டெனினும் ஆவணம் கேட்கப்படலாம். முதன்முறை செல்வோர் இத்தகைய மரங்களைத் தவிர்த்து, வாகை, தூங்குமூஞ்சி போன்ற சாதாரண மரங்களில் செய்தவற்றை வாங்குவதே எளிது.

பழைமை குறித்த சட்டம் மேலும் முக்கியமானது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷச் சட்டப்படி, நூறாண்டுகளுக்குக் குறையாத பழைமையுடைய சிற்பங்களைத் தனியார் எவரும் நாட்டைவிட்டு வெளியே எடுத்துச்செல்லலாகாது. பாட்டனார் காலத்துப் பூஜையறைச் சிற்பமாயினும், பழந்தேரிலிருந்து கழற்றிய பலகையாயினும் விதி ஒன்றே. புதுச் சிற்பத்துக்கே பழைய சாயல் தோன்றும்படி நிறமேற்றுவதும் உண்டு. அத்தகையதை வாங்கினால் சுங்கத்தில் ஐயம் எழும். ஐயத்துக்கு இடமான பொருளுக்கு, அது தொல்பொருள் அன்று என்னும் சான்றினை இந்தியத் தொல்லியல் துறை வழங்குகிறது. ஏனையோர் மரத்தின் பெயர், செய்த ஆண்டு, விலை, பட்டறையின் முகவரி ஆகியவை எழுதப்பட்ட ரசீதைப் பெற்றுக் கைப்பையில் வைத்துக்கொண்டால் போதும். அந்த ஒரு தாள் இரு நாடுகளிலும் துணைவரும்.

பெட்டியில் வைக்கும் முறை

வைக்கோல், உமி, வாழைச்சருகு ஆகியவற்றால் சிற்பத்தைப் பொதியலாகாது. சிற்பம் தூயதாயினும் வைக்கோல் தடுக்கப்படும். புதிய பருத்தித் துணியைச் சுற்றி, அதன்மேல் காற்றுக்குமிழ்த் தாளைச் சுற்றி, துணிமணிகளின் நடுவே படுக்கவைப்பது நன்று. துதிக்கை, விரல்கள், குடை போன்று நீண்டு நிற்கும் பாகங்கள் முதலில் முறியும்; உடலோடு ஒட்டிய அமைப்புடைய சிற்பத்தைத் தேர்ந்தெடுத்தால் இக்கவலை இராது. பெட்டியை ஆணி அடித்து மூடுவதைத் தவிர்க்க வேண்டும். அலுவலர் திறந்து பார்க்க இயலாத பெட்டி தாமதத்துக்கு வழி வகுக்கும். முருகனின் வேல், அம்மனின் சூலம் ஆகியவை உலோகமாயின் கைப்பையில் வைக்கலாகாது. பதிவுப் பெட்டியிலேயே வைக்க வேண்டும்.

கதவு, ஊஞ்சல் பலகை போன்ற பெரும்பொருள்கள் கப்பல் வழியே செல்லும். அவற்றுக்கான மரப்பேழைகள் பன்னாட்டு விதிப்படி பதப்படுத்தப்பட வேண்டும். மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடங்கள் இருக்குமாறு சூடேற்றுவது அவற்றுள் ஒரு முறை. அவ்வாறு செய்த பேழையில் கோதுமைக் கதிர் வடிவ முத்திரை பொறிக்கப்பட்டிருக்கும். முத்திரை இல்லாத பேழையில் அனுப்பினால், உள்ளிருக்கும் சிற்பம் குற்றமற்றதாயினும் பேழையால் தொல்லை நேரும்.

'ஆம்' என்னும் கட்டம்

பெற்றோரின் மனம் மிகவும் கலங்கும் இடம் இது. ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும் ஒவ்வொரு பயணியும் தாம் கொண்டுவரும் பொருள்களைக் குறித்து எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். மரப்பொருள், தாவரப்பொருள், உணவு உண்டா என்ற கேள்விக்கு 'ஆம்', 'இல்லை' என இரண்டு கட்டங்கள். "ஆம் என்று குறித்தால் பிள்ளையாரைப் பிடுங்கிக்கொள்வார்களோ" என்று அஞ்சி 'இல்லை' என்று குறிப்போர் உண்டு. தவறு நேர்வது அங்கேதான்.

உண்மை நிலை இதற்கு நேர்மாறானது. அறிவித்த மரச்சிற்பத்தை அலுவலர் எடுத்துப் பார்ப்பார். பட்டையோ, பூச்சியின் அடையாளமோ, மண்ணோ இல்லையெனில் திருப்பித் தந்துவிடுவது வழக்கம். பூச்சி இருப்பின், உரியவர் செலவில் பதப்படுத்தவோ, திருப்பி அனுப்பவோ, அழிக்கவோ நேரும். ஆயினும் முறையாக அறிவித்தமையால் அபராதம் இல்லை. மறைத்து, பின்னர் கண்டுபிடிக்கப்பட்டாலோ, பொருள் போவதோடு பெருந்தொகை அபராதமும் உண்டு. விசாவே ரத்தாகும் நிலையும் வரலாம். நியூசிலாந்தில் அறிவிக்காமல் விட்ட ஆபத்தான பொருளுக்கு அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விதிக்கப்படுகிறது. அமெரிக்காவிலும் தாவர, மரப்பொருள்களை அறிவிப்பது கடமை.

ஆங்கிலம் அறியாத பெரியோர், "மரச்சிற்பம் உள்ளது, பூஜைப் பொருள்கள் உள்ளன" என்பதை மகனிடமோ மகளிடமோ சொல்லி ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி வாங்கி, அலுவலரிடம் காட்டலாம். ஐயம் இருக்கும் பொருளுக்கும் 'ஆம்' என்றே குறிப்பது பாதுகாப்பு. ஆஸ்திரேலியாவில் பெரியவர் ஒருவர் கொண்டுவரும் பொதுப் பொருள்களுக்கு 900 ஆஸ்திரேலிய டாலர் மதிப்பு வரை வரி இல்லை. விலையைச் சொல்லவும் ரசீதே உதவும்.

அந்நாடுகள் இவ்வளவு கடுமை காட்டுவதற்குக் காரணம் உண்டு. கடல் சூழ்ந்த அந்நிலங்களில் இல்லாத ஒரு வண்டு, ஒரு மரத்துண்டில் நுழைந்துவிட்டால் காடுகளும் பழத்தோட்டங்களும் பாழாகும். பயிரைக் காக்க எல்லைத் தெய்வத்துக்குப் பொங்கலிடும் உழவர் குடும்பங்களுக்கு இந்த அச்சம் விளங்காததன்று.

பூஜைப் பொருள்கள்

சிற்பத்தோடு செல்லும் சிறு பொருள்களே பெரும்பாலும் சிக்கலை உண்டாக்குகின்றன. மாவிலைத் தோரணம், பூமாலை, துளசி, தர்ப்பை, பழம் ஆகியவற்றைக் கொண்டுசெல்லாமல் இருப்பதே நன்று. மாவிலையும் பூவும் அங்குள்ள இந்தியக் கடைகளில் கிடைக்கக்கூடும். கற்பூரம் எளிதில் தீப்பற்றுவதால் விமானத்தில் எப்பெட்டியிலும் வைக்கலாகாது. கொப்பரைத் தேங்காயும் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய அபாயப் பொருளாகக் கருதப்படுகிறது. மயிற்பீலியை இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்யத் தடை உள்ளது; காவடிக்கென்று எடுத்துச்செல்வதும் தவறாகும். பசுஞ்சாணத்தால் ஆன திருநீறு, உருத்திராட்சம் ஆகியவற்றைத் தனியே ஒரு பையிலிட்டு, தவறாமல் அறிவிக்க வேண்டும்.

புகுந்த வீட்டில்

வீடு சேர்ந்தபின் பிள்ளையாரை வெப்பமூட்டியின் மேலும், வெயில் நேரே விழும் சாளரத்தின் அருகிலும் வைக்கலாகாது. மரத்திருமேனிக்கு நீரால் அபிஷேகம் வேண்டா. உலர்ந்த துணியால் துடைத்து, சந்தனப் பொட்டிட்டு, மலர் சாற்றினால் போதும். அந்நாட்டு வீடுகளில் புகையுணர் கருவி பொருத்தப்பட்டிருக்கும். சாம்பிராணிப் புகைக்கு அது அலறும். கருவியைக் கழற்றிவிடாமல், சாளரத்தைத் திறந்துவைத்துச் சிறு தீபம் ஏற்றுவது முறை.

தம்மம்பட்டி செல்ல விரும்புவோருக்குச் சேலத்திலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் பேருந்து வசதி உண்டு. ரயிலில் வருவோர் சேலம் - விருத்தாசலம் தடத்தில் ஆத்தூரில் இறங்கலாம். நரசிம்மரை வணங்கி, பட்டறையில் மரத்தைக் கேட்டு, ரசீது பெற்று, வெள்ளைத்தாளில் வைத்துச் சோதித்து, அயல்நாட்டு வாயிலில் 'ஆம்' என்று குறித்த பெற்றோர் தலை நிமிர்ந்து நடக்கலாம். அந்த வீட்டில் அமரும் பிள்ளையாரைப் பேரக்குழந்தை வணங்கும்போது, அவர் பொய் சொல்லாமல் வந்த கதையையும் சேர்த்தே சொல்லலாம்.