பாம்பெய் வீதிகளில்...

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரிலிருந்து ரயிலேறினால் முக்கால் மணிக்குள் பாம்பெய் வந்துவிடுகிறது. இடிந்த சுவர்களைப் பார்க்கவா இத்தனை தூரம் என்று அரைமனசாகத்தான் கிளம்பினேன்.

கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்துச் சாம்பலில் புதைந்துபோன ரோமானிய ஊர் இது. 1748-ல் தோண்ட ஆரம்பித்தார்கள். மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்கடியில்தான் இருக்கிறது. கல் பாவிய தெருக்களில் வண்டிச் சக்கரத் தடங்கள்! கால் நனையாமல் தெருவைக் கடக்க உயரமான கற்களைப் போட்டிருக்கிறார்கள். என் பத்து வயது மகள் ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டி வந்தாள். (தேய்ந்த செருப்போடு போகாதீர்கள், கல் வழுக்குகிறது. நிழலும் குறைச்சல்.)

எனக்குப் பிடித்தது ரொட்டிக் கடைதான். எரிமலைக் கல்லில் செய்த பெரிய பெரிய திருகைகள். கழுதையைக் கட்டிச் சுற்றுவார்களாம். பக்கத்திலேயே செங்கல் அடுப்பு. இப்படி ஒரு கடை அடுப்பில் 81 ரொட்டிகள் கரிக்கட்டையாக அகப்பட்டனவாம். எட்டுத் துண்டாகப் பிய்க்க வாகாக மேலே கீறல்கூட இருக்கிறது. அடுப்பில் வைத்தவர் எடுக்க வரவேயில்லை.

கடைசியாக ஒரு தோட்டம். உடல்கள் மக்கிப்போய்ச் சாம்பலுக்குள் பள்ளமாக நின்ற இடத்தில் சாந்து ஊற்றி எடுத்த உருவங்கள், 13 பேர். குழந்தைகளும் உண்டு. எனக்கு நிற்க முடியவில்லை.

அங்கேதான் வழிகாட்டி அம்மாள் இன்னொரு வீட்டுக் கதையைச் சொன்னாள். கையில் அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள தங்கக் காப்பு, மடியில் குழந்தை. தாயும் பிள்ளையும் என்றே எல்லாரும் நம்பினார்களாம். 2024-ல் வந்த மரபணு ஆராய்ச்சியில், அது தாயே இல்லை, ஓர் ஆண், குழந்தைக்கு ரத்த உறவும் இல்லை என்று தெரிந்ததாம்.

எனக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்தது. "பார்த்தியா, நகை போட்டாலே பொம்பளைன்னு முடிவு கட்டிட்டாங்க!" என்று இவர் சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. "அப்போ அந்த மாமா யாரும்மா? பக்கத்து வீட்டு மாமாவா? பாப்பாவோட அம்மா எங்கே போனாங்க?" என்றாள்.

என்ன சொல்வேன்? "தெரியலைடி கண்ணு. ஆனா பாப்பா தனியா இல்லை" என்றேன்.

திரும்பும்போது கற்களைத் தாண்டி ஓடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.