மேஜை மீது ஒரு மலை ரயில்

கோயமுத்தூர்க்காரர்களைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. எந்த இயந்திரத்தைக் கண்டாலும், அது என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், அதைக் கழற்றிப் பார்க்கலாமா என்றுதான் கேட்பார்களாம். 1937-ஆம் வருஷத்திலேயே ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்சார மோட்டார் செய்து காட்டிய ஊர் அல்லவா? அந்தக் காற்று எல்லோர்மீதும் கொஞ்சம் வீசியிருக்கிறது.

பீளமேட்டில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். முப்பது வருஷம் பவுண்டரிகளுக்குத் தேக்கு மரத்தில் பேட்டர்ன் செய்து கொடுத்துவிட்டு, இப்போது ஓய்வாக இருப்பவர். ஓய்வு என்பது பெயரளவில்தான். அவருடைய கூடத்துக் கண்ணாடி பீரோவில் பதினேழு சின்னஞ்சிறு நீராவி எஞ்ஜின்கள் நிற்கின்றன. அவற்றைப் பொம்மை என்று சொல்லிவிட்டால் போதும், அவருக்கு முகம் சிவந்துவிடும்.

"பொம்மை இல்லீங்க, வாத்தியாரய்யா. மாதிரிங்க!" என்பார்.

மாதிரி எஞ்ஜின் சேகரிப்பவர்களில் இரண்டு வகை உண்டு. வாங்கியதைப் பெட்டியோடு பூட்டி வைத்துப் பூஜை செய்கிறவர்கள் ஒரு வகை. வாங்கிய அன்றே ரம்பத்தையும் அரத்தையும் எடுத்து, "இதை நம் ஊர் எஞ்ஜினாக மாற்றினால் என்ன?" என்று யோசிக்கிறவர்கள் இன்னொரு வகை. நம் நண்பர் எந்த வகை என்பதை நேயர்கள் ஊகித்திருப்பார்கள்.

மாதிரிகளில் பல அளவுகள் உண்டு. தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டரே உள்ளவை சட்டைப் பையில் அடங்கும். உலகத்தில் அதிகம் வழங்குவது 16.5 மில்லிமீட்டர், அசலில் 87-இல் ஒரு பங்கு. ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரத்தார் 1968-இல் தோட்டத்தில் ஓட்டுவதற்காக 45 மில்லிமீட்டரில் பெரிய வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். அவை அசலில் இருபத்திரண்டரையில் ஒரு பங்கு. 45-ஐ இருபத்திரண்டரையால் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய ஆயிரம் மில்லிமீட்டர், அதாவது ஒரு மீட்டர் பாதை வருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் போகும் நமது நீலகிரி ரயிலின் பாதையும் மீட்டர் பாதைதான்!

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த நாளிலிருந்து நண்பருக்குத் தூக்கம் போயிற்று. சேமிப்பில் ஒரு பகுதியைச் செலவிட்டு அந்த அளவில் ஓர் அயல்நாட்டு எஞ்ஜினை வாங்கினார். அதை அறுத்து நீட்டினார். எட்டு ஓட்டுச் சக்கரங்களும் பின்னால் இரண்டு சிறு சக்கரங்களும் வைத்தார். இருபுறமும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்களைப் பித்தளையில் வார்த்தார். பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சுருங்குமாதலால் மரப் பேட்டர்னை அந்த அளவுக்குப் பெரிதாகச் செதுக்கினாராம். நான்கு மரப் பெட்டிகளுக்கு நீலமும் வெண்மஞ்சளும் பூசியவன் அவருடைய எட்டு வயதுப் பேரன்.

வெள்ளோட்டத்துக்கு நானும் போயிருந்தேன். நீலகிரிப் பாதையின் செங்குத்தான ஏற்றம் பன்னிரண்டரைக்கு ஒன்று. ஆகவே ஒரு மீட்டர் நீளத்துக்கு எட்டு சென்டிமீட்டர் உயரும்படி பலகையைச் சாய்த்திருந்தார். எஞ்ஜின் முன்னே நின்றது, பெட்டிகள் பின்னே. பாதித் தூரம் ஏறியது. சக்கரம் வழுக்கிற்று. ஒரு குலுக்கல், கொக்கி விட்டது. நான்கு பெட்டிகளும் சரசரவென்று இறங்கி, மேஜை விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்து சிதறின.

பேரன் அழவில்லை. உடைந்த துண்டுகளைப் பொறுக்கி மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். அதைப் பார்த்த நண்பர், "எல்லாத்தையும் வித்துப் போடலாம்னு தோணுதுங்க" என்றார். பதினேழு எஞ்ஜின்களையும் சேர்த்துத்தான் சொன்னார்.

நான் பள்ளிக்கூடத்து மனிதன். கணக்கு தப்பினால் விடையை அழிக்கக்கூடாது, முதல் வரிக்குத் திரும்ப வேண்டும் என்று முப்பது பையன்களுக்குத் தினமும் சொல்லுகிறவன். அதையே அவரிடமும் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் மூவரும் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தோம்.

காலை ஏழு மணி தாண்டி வண்டி புறப்படத் தயாராயிற்று. நண்பர் பிளாட்பாரத்தின் முன்கோடிக்கு ஓடினார். அங்கே எஞ்ஜின் இல்லை! பின்கோடியில், பெட்டிகளுக்கெல்லாம் கீழே நின்று பெருமூச்சு விட்டுக் கொண்டிருந்தது.

"இது இழுக்கற வண்டி இல்லீங்க. தள்ளற வண்டி" என்றார் ஒரு பிரேக்ஸ்மேன். "கொக்கி அறுந்தாலும் பெட்டி எங்கே போகும்? எஞ்சின் மேலதானே சாயும்? அதுக்கும் மேல, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஆள் பிரேக் பிடிக்க நிக்கறோம்."

நண்பர் என்னைப் பார்த்தார். நான் பேரனைப் பார்த்தேன். அவன் எஞ்ஜினையே பார்த்துக் கொண்டிருந்தான்.

வண்டி பவானி ஆற்றைக் கடந்தது. பாக்குத் தோப்புகள் வந்தன. கல்லாற்றில் தண்டவாளங்களின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் தொடங்கின. ஸ்விட்ஜர்லாந்தின் ரோமன் ஆப்ட் என்ற எஞ்ஜினீயர் கண்ட முறை இது. பட்டைகள் இரண்டு, ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் இருக்கும். ஆகையால் எந்தக் கணத்திலும் ஏதாவது ஒரு பல் பிடித்துக் கொண்டே இருக்கும். சமதரையில் கீழ் சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்யும். கல்லாற்றுக்கு மேலே, அவற்றில் உழைத்து முடித்த நீராவி புகைபோக்கிக்குப் போகாமல் மேல் சிலிண்டர்களுக்குப் போய்ப் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. மேலே சுழலும் தண்டுகள் கீழ்ச் சக்கரங்களுக்கு எதிர்ப்புறமாகச் சுழல்வதை நண்பர் அன்றுதான் கவனித்தார்.

இந்தப் பாதை குன்னூர் வரையில் 1899-லும், உதகை வரையில் 1908-லும் திறக்கப்பட்டது. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகைகள். 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. எஞ்ஜின்கள் ஸ்விட்ஜர்லாந்தின் விண்டர்தூர் நகரிலிருந்து வந்தவை. கடைசித் தொகுதி வந்தது 1952-இல். அவற்றுக்கு வயதானபோது திருச்சிப் பொன்மலைத் தொழிற்சாலை பின்வாங்கவில்லை. எண்ணெயில் எரியும் நான்கு புது எஞ்ஜின்களை 2014-க்குள் செய்து முடித்தது. 2021-இல் நிலக்கரி எஞ்ஜின் ஒன்றையும் செய்தது. உதிரிப் பாகத்துக்கு அயல்நாட்டாரை எதிர்பார்த்த கைகள் முழு எஞ்ஜினையே வார்த்து எடுத்துவிட்டன. பழுது பார்த்துப் பார்த்தே அவர்கள் கற்ற பாடம் அது.

மூன்று மாதம் கழித்து நண்பர் மீண்டும் அழைத்தார். பித்தளைத் தகட்டில் இரண்டு பற்பட்டைகளைத் தாமே வெட்டி, அரைப் பல் தள்ளிப் பொருத்தியிருந்தார். எஞ்ஜினின் அடியில் ஒரு பற்சக்கரம். உடைந்த பெட்டிகளை ஒட்டிப் பழுது பார்த்தவன் பேரனே. ஒட்டின தழும்புகளின்மேல் அவன் வர்ணம் பூசவில்லை.

எஞ்ஜின் கீழே நின்றது. பையன் மேல் பெட்டியின் பக்கத்தில் பச்சைத் துணியோடு நின்றான். நண்பர் பொத்தானைத் தொட்டார். கட்டுக் கட்டென்று பல் பிடிக்கும் சத்தம். வண்டி நத்தைபோல ஏறிற்று. பாதி மலையில் அவர் வேண்டுமென்றே கொக்கியைக் கழற்றிவிட்டார். நான் கண்ணை மூடிக் கொண்டேன்.

ஒன்றும் ஆகவில்லை. பெட்டிகள் எஞ்ஜின்மேல் சாய்ந்தபடியே உச்சிக்குப் போய்ச் சேர்ந்தன.

"தாத்தா, இன்னொரு தடவை!" என்றான் பேரன்.