கண்வலி: பத்துப் பேர்

வரலாற்றுப் பாடத்திற்காக ரோமானியப் படையைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. மற்றவர்கள் லீஜன்களை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது துணைப்படை. அதற்காக நூலகத்தில் புத்தகம் புரட்டியபோது ஒரு பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

துணைப்படை வீரர்கள் பெரும்பாலும் ரோமானியக் குடியுரிமை இல்லாதவர்கள். 25 ஆண்டுகள் உழைத்தால் குடியுரிமை கிடைக்கும். துங்ரியரின் முதலாம் கோஹார்ட் அத்தகைய காலாட்படை. இன்றைய பெல்ஜியத்தின் தொங்கரன் வட்டாரத்து மக்களைத் திரட்டி அமைத்தது. முதலாம் நூற்றாண்டின் இறுதியில், ஹேட்ரியன் சுவர் எழும்புவதற்கு முன்பே, வட இங்கிலாந்தின் வின்டோலாண்டா கோட்டையில் அது இருந்தது. அங்கே 1973 முதல் மெல்லிய மர ஏடுகள் கிடைத்துவருகின்றன. காற்றுப் புகாத ஈர மண் அவற்றின் மையெழுத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

நான் பார்த்தது அவற்றுள் ஒன்று. மே 18ஆம் தேதி ஆள்கணக்கு. தளபதி யூலியஸ் வெரெகுண்டஸ். மொத்தம் 752 பேர். 456 பேர் வெளியே: கோரியாவில் 337, ஆளுநரின் காவலுக்கு 46, இலண்டனில் ஒரு செஞ்சூரியன், இப்படிப் பல இடங்களில். கோட்டையில் இருந்தவர்கள் 296. அவர்களில் நோயாளிகள் 15, காயம்பட்டவர்கள் 6, கண்வலிக்காரர்கள் 10. பணிக்குத் தகுதியானவர்கள் 265.

இந்தக் கணக்கு எனக்குப் புதிதன்று. தேசிய சேவையில் நான் கம்பெனி எழுத்தர். தினமும் காலையில் எழுதிய 'பரேட் ஸ்டேட்' இதேதான். யார் வெளியே, யாருக்கு எம்.சி., மீதி எத்தனை பேர்.

எங்கள் பிரிவில் தமிழர்கள் இருவர். நானும் அவனும். இரவில் விளக்கணைத்த பிறகு தமிழில் பேசிக்கொண்டிருப்போம். ஒரு நாள் காலையில் அவனுக்குக் கண் சிவந்து நீர் வடிந்தது. "பேரை எழுதிடுடா, டாக்டரைப் பாக்கணும்" என்றான். சுடுபயிற்சிக்கு ஆள் குறைகிறது, அவன் நடிக்கிறான், 'ஃபிட்' என்று போடு என்றார் சார்ஜண்ட். நான் போட்டேன். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாலையில் அவனால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கண் குணமாகிவிட்டது. ஆனால் திரும்பி வந்தபின் என்னிடம் ஆங்கிலத்தில் மட்டுமே பேசினான். அதுவும் வேலை விஷயம் மட்டும்.

வின்டோலாண்டா எழுத்தரின் பெயர் தெரியாது. அவரும் துங்ரியராக இருந்திருக்கலாம். கணக்கு என்னவோ இலத்தீனில். நான் ஆங்கிலத்தில் எழுதியதைப் போல. அவருக்கும் மேலே ஒருவர் நின்று ஆள் குறைகிறது என்று சொன்னாரோ என்னவோ. ஆனாலும் நோயாளிகளோடு சேர்த்துவிடாமல், கண்வலிக்கென்று தனி வரி போட்டு 10 என்று எழுதியிருக்கிறார். அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டுரையை ஒப்படைத்த வாரம் அவனை ஒரு காப்பிக்கடையில் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அந்த ஏட்டைப் பற்றிச் சொன்னேன். கைப்பேசியில் படத்தையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான்.

"பத்துப் பேரையும் எழுதினானா?" என்றான், தமிழில்.

"எழுதினான்டா" என்றேன்.