பேர் தெரியாத எஸ்.எஸ்.டி.யும் எங்க கடைக் கணக்கும்

"நீ படிக்கிறது பி.காம்., உனக்கெதுக்குடா எஸ்.எஸ்.டி. ஆராய்ச்சி?" என்று கேட்கப்போகும் வகுப்பு நண்பர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி.காம். படிப்பதால்தான் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் பையன் வேகத்தைப் பார்ப்பான். தேய்மானம், கேரண்டி, யார் தயாரிப்பாளர், யார் வெறும் வியாபாரி என்பதெல்லாம் நம்ம ஏரியா.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஒரே ஒரு லேப்டாப். அக்கா காலேஜ் சேர்ந்தபோது வாங்கியது. பகலில் அப்பாவின் ஹார்டுவேர் கடையில் (ஆணி, பெயிண்ட், பைப்... அந்த ஹார்டுவேர்!) டாலி ஓட்டும். ராத்திரி என் அசைன்மென்ட்டுக்கு வரும். உள்ளே 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். ஆன் பண்ணிவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். புது லேப்டாப்புக்கு வழியில்லை. எஸ்.எஸ்.டி. மாற்றினால் போதும் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்த எஸ்.எஸ்.டி. என்பதில்தான் தகராறு.

ரிச்சி தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். சாம்சங், கிங்ஸ்டன் ஒரு வரிசை. பக்கத்தில் ஈ.வி.எம்., கன்சிஸ்டன்ட், நம்ம சென்னை கம்பெனியான செப்ரானிக்ஸ். அதற்கும் கீழே வாயில் நுழையாத பெயரோடு சில டப்பாக்கள். 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை எல்லாம் அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்ததும் விலை ஏறிவிட்டது. அதனால் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் என் மாதிரி ஆட்களுக்கு முன்பைவிட அதிகமாகக் கடிக்கிறது.

கடைக்காரர் சொன்னது: "தம்பி, உள்ள எல்லாம் ஒண்ணுதான். மேல ஸ்டிக்கர்தான் வேற."

வீட்டுக்கு வந்தால் அப்பா சொன்னது: "பேரே கேள்விப்படாதவன்கிட்டயா நம்ம கடைக் கணக்கைக் குடுக்கப் போற?"

இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது.

கடைக்காரரின் பாதி இது. எஸ்.எஸ்.டி.க்குள் தகவலைச் சேமித்து வைப்பது நேண்ட் பிளாஷ் சிப். 1980களில் ஜப்பானின் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா என்ற பொறியாளர் கண்டுபிடித்தது. இன்று அதைப் பெரிய அளவில் தயாரிப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான், கியாக்ஸியா (பழைய தோஷிபா மெமரிதான், 2019ல் பெயர் மாறியது), அதோடு கூட்டாகத் தொழிற்சாலை நடத்தும் சான்டிஸ்க், சீனாவின் ஒய்.எம்.டி.சி. அவ்வளவுதான். அந்தச் சிப்பை நிர்வகிக்கும் கன்ட்ரோலரும் அப்படியே. ஃபிசன், சிலிக்கான் மோஷன், மேக்சியோ என்று கொஞ்சம் பேர். மற்ற பிராண்டுகள் வாங்கி, கட்டி, பெயர் ஒட்டி விற்கிறவர்கள். கிங்ஸ்டனுக்கே சொந்த நேண்ட் தொழிற்சாலை கிடையாது என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான்.

அவர் சொல்லாமல் விட்ட பாதி, தரம் பிரிப்பது. ஒரே வயலில் விளைந்த நெல்தான், ஆனால் மண்டியில் எல்லா மூட்டையும் ஒரே விலைக்கா போகிறது? சிப்பும் அப்படித்தான். சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள். நல்லதைத் தயாரிப்பாளர் தன் சொந்த டிஸ்க்குக்கு வைத்துக்கொள்வார், கொஞ்சம் சுமாரானது வெளிச் சந்தைக்கு வரும். சின்ன பிராண்ட் அந்தந்த மாதம் எது மலிவோ அதை வாங்கிக் கட்டலாம். டப்பாவில் அதே பெயர், உள்ளே வேறு சரக்கு.

இதைச் சின்னவர்கள் மட்டும் செய்வதாக நினைக்க வேண்டாம். கிங்ஸ்டன் வி300 டிஸ்க்கில் பெயரை மாற்றாமலே மெதுவான சிப்பைப் போட்டது 2014 வாக்கில் பெரிய பஞ்சாயத்தானது. 2021ல் குரூஷியல் பி2விலும் டி.எல்.சி. போய் க்யூ.எல்.சி. வந்தது. (ஒரு செல்லில் மூன்று பிட்டுக்குப் பதில் நான்கு பிட். ஒரே ரூமில் மூன்று பேருக்குப் பதில் நான்கு பேர் தங்குகிற ஹாஸ்டல் கதை. மலிவு, ஆனால் சீக்கிரம் தேயும், எழுதவும் மெதுவு.)

வேகத்தை வைத்து முடிவு செய்யலாமா? எங்கள் மாதிரி பழைய லேப்டாப்பில் இருப்பது சாட்டா இணைப்பு. அதன் உச்சவரம்பே விநாடிக்கு 600 எம்.பி. யார் டிஸ்க்கைப் போட்டாலும் டப்பாவில் 500, 550 என்றுதான் எழுதியிருக்கும். அதை வைத்துத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை.

அடுத்தது ஆயுள். இங்கேதான் நம்ம சிலபஸ் உதவியது. இரண்டாம் வருடம் தேய்மானம் படித்தோமே, நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று. இன்னொன்று உண்டு. வருடத்தைக் கணக்கில் எடுக்காமல், எந்திரம் எத்தனை அலகு உற்பத்தி செய்ததோ அதற்கேற்பத் தேய்மானம் போடும் முறை. எஸ்.எஸ்.டி.க்குப் பொருந்துவது அதுதான். மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற கணக்குக்கு டி.பி.டபிள்யூ. என்று பெயர். கிங்ஸ்டன் ஏ400ன் 240 ஜி.பி. டிஸ்க்குக்கு 80 டெராபைட். தினம் 20 ஜி.பி. எழுதினால்கூட 4,000 நாள். பதினோரு வருடம்! டாலியும் வேர்டும் ஓட்டுகிறவர் தினம் 20 ஜி.பி. எழுதுவதே பெரிய விஷயம். தி டெக் ரிப்போர்ட் தளம் 2013 முதல் 2015 வரை ஆறு டிஸ்க்குகளைச் சாகும்வரை எழுதிச் சோதித்தபோது, சாம்சங் 840 ப்ரோ 2,400 டெராபைட்டையும் தாண்டி ஓடியது.

ஆக, தேய்ந்து சாவது நம் பிரச்னை இல்லை. கன்ட்ரோலர் மக்கர் பண்ணித் திடீரென்று சாவதுதான் பிரச்னை. ஹார்ட் டிஸ்க் பல சமயம் கடகடவென்று சத்தம் போட்டு முன்கூட்டியே சொல்லிவிடும். எஸ்.எஸ்.டி. நேற்று ராத்திரி நன்றாக இருக்கும், காலையில் பயாஸிலேயே தெரியாது.

"அதான் மூணு வருஷ கேரண்டி இருக்கே" என்றால், கேரண்டி என்பது என்ன? கணக்கியல் பாஷையில் விற்றவரின் தலையில் உள்ள ஒரு பொறுப்பு. அவர் இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. ஓ.சி.இசட். ஒரு காலத்தில் எஸ்.எஸ்.டி.யில் பெரிய பெயர். 2013 டிசம்பரில் திவால் மனு போட்டது, அடுத்த மாதமே தோஷிபா வாங்கியது. குரூஷியல் என்ற பெயரில் கடையில் விற்பதை நிறுத்துவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. (கேரண்டி தொடரும் என்று சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும்!) பெரிய பெயருக்கே இந்தக் கதி.

அப்பாவின் கேள்விக்கு வருவோம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36வது பிரிவுப்படி, வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். டிஸ்க்குக்குக் கேரண்டி 36 மாதம். அந்த 36 மாதத்துக்குள் செத்தாலும் கிடைப்பது புது டிஸ்க், பழைய கணக்கு இல்லை. சாம்சங்கே வாங்கினாலும் இதே நிலைதான். அப்பா எந்தப் பெயரை நம்பலாம் என்று கேட்டார். ஒரே டிஸ்க்கில் வைத்தால் எந்தப் பெயரையும் நம்ப முடியாது என்பதுதான் என் பதில்.

அதற்குப் பிறகு தேர்வு சுலபமானது. டி.பி.டபிள்யூ. எண்ணை எங்கேயுமே எழுதாத பிராண்டுகளை ஒதுக்கினேன். சென்னையில் சர்வீஸ் சென்டர் இல்லாதவற்றையும். மிச்சமிருந்ததில் ஒரு சின்ன பிராண்டின் 240 ஜி.பி., பெரிய பிராண்டைவிட நாலில் ஒரு பங்கு விலை குறைவு. ஜி.எஸ்.டி. பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்கினேன். (பில் இல்லாமல் இன்னும் குறைப்பதாகச் சொன்னார். அந்த டிஸ்க்கில் ஜி.எஸ்.டி. கணக்கு வைக்கப் போகிறேன், பில் இல்லாமலா!) வீட்டுக்கு வந்ததும் டிஸ்க் முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும் இலவச மென்பொருள் ஒன்றை ஓட்டினேன். 240 என்று ஒட்டி 60 கொடுக்கும் ஆட்களும் சந்தையில் உண்டு. இது சரியாக இருந்தது.

மிச்சமான காசில் சில நூறு ரூபாய்க்கு ஒரு யு.எஸ்.பி. கேஸ் வாங்கி, பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்துவிட்டு அதற்குள் போட்டாயிற்று. சனிக்கிழமை கடை மூடியதும் டாலி பேக்கப் அதில் ஏறும். இன்னொரு பிரதி ஆன்லைனில். கரண்ட் கொடுக்காமல் நாள்கணக்கில் அலமாரியில் வைக்க எஸ்.எஸ்.டி.யைவிடக் காந்தத் தட்டு நம்பகமானது என்பதால், அந்தக் கிழவனுக்கு இன்னும் வேலை இருக்கிறது :)

நாலு மாதம் ஆகிறது. லேப்டாப் டீ போடுவதற்குள் ரெடியாகிவிடுகிறது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் பார்த்தால் இதுவரை எழுதியது ஒன்றரை டெராபைட். அப்பா இன்னும் அந்த பிராண்டின் பெயரைச் சொல்வதில்லை, "அந்த டப்பா" என்றுதான் சொல்கிறார்.