பாதித் திரை

பலகணி என்ற சொல்லுக்குள் பல கண்கள் இருக்கின்றன. காலதர் என்ற சொல்லுக்குள் காற்று நடந்துவரும் வழி இருக்கிறது. நாம் இன்று புழங்கும் ஜன்னலோ போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. ஜன்னலை எதைக் கொண்டு, எவ்வளவு மறைப்பது என்பதை இம்மூன்று சொற்களும் சொல்வதில்லை. திரைச்சீலைக் கடைக்காரர் சொல்கிறார். அவரிடம் இருப்பது ஒரே விடை: "பிளாக்அவுட் போட்டுடுங்க ஸார், ஒண்ணும் தெரியாது."

சென்னையில் எங்கள் வீட்டின் முதல்மாடியில், அம்மாவின் அறை கிழக்குப் பார்த்தது. எதிரே காலி மனை இருந்தவரை அந்த ஜன்னலுக்குத் திரையே தேவைப்படவில்லை. பின்னர் அங்கே வீடு எழும்பியது. பதினைந்து அடி தூரத்தில், எங்கள் ஜன்னலுக்கு நேராக அவர்களுடைய முதல்மாடி ஜன்னல். அம்மாவால் இப்போது எழுந்து நடக்க முடியாது. உடம்பு துடைத்துவிடவும் புடவை மாற்றிவிடவும் ஓர் அம்மாள் வந்துபோகிறார். ஆகவே ஜன்னல் சாத்தியே கிடந்தது. பகலெல்லாம் டியூப்லைட் எரிந்தது. ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்கு, "விடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். அன்று மாலைதான் நான் கடைக்குப் போனது.

"வெளிச்சம் வேண்டாம்னு நான் சொன்னேனா? ஆள் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான்டா" என்றாள், பிளாக்அவுட் துணியின் மாதிரியைத் தடவிப் பார்த்துவிட்டு.

மறைப்பைத் தருவது துணியின் கனம் மட்டுமன்று. இரண்டு பக்கத்து வெளிச்சங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசமும்தான். இருட்டில் இருப்பவருக்கு வெளிச்சத்தில் இருப்பது தெரியும். வெளிச்சத்தில் இருப்பவருக்கு இருட்டில் இருப்பது தெரியாது. 1799இல் கட்டப்பட்ட ஜெய்ப்பூர் ஹவா மஹாலின் பின்னல் ஜன்னல்கள் இந்தக் கணக்கை நம்பித்தான் நிற்கின்றன. 953 சிறு ஜன்னல்கள் என்பார்கள். அரண்மனைப் பெண்கள் அவற்றின் பின்னிருந்து வீதியைப் பார்த்தார்கள். வீதிக்கு அவர்கள் தெரியவில்லை. பகலில் ஒரு மெல்லிய மல் துணியே இந்த வேலையைச் செய்துவிடும். விளக்கு ஏற்றியதும் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. காலையில் காத்த அதே துணி, மாலையில் காட்டிக்கொடுக்கிறது.

மல் துணியைக் கட்டிவிட்டு, எதிர்வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு அவர்கள் அறையிலிருந்து பார்த்தேன். (இப்படியொரு கோரிக்கையை அவர் அதற்குமுன் கேட்டிருக்க மாட்டார்.) ஐந்து மணிக்கு எங்கள் ஜன்னல் வெறும் வெள்ளைப் பரப்பு. ஏழு மணிக்குக் கட்டிலின் தலைமாடும், அதில் சாய்ந்திருக்கும் அம்மாவின் உருவமும், மருந்துக் குப்பிகளின் வரிசையும் நிழல்களாகத் தெரிந்தன. நான் திரும்பிப் பார்த்தபோதுதான் அவர்கள் ஜன்னலின் கனத்த திரை கண்ணில் பட்டது. நான் வருகிறேன் என்பதற்காக ஒதுக்கி வைத்திருந்தார்கள். "நாங்களும் உங்க வீடு இருக்கேன்னுதான் ஸார் மூடியே வச்சிருக்கோம்" என்றார் அந்த அம்மாள், குற்றம் சொல்லும் தொனி சிறிதும் இல்லாமல்.

பழைய மர ஜன்னல்களில் மேலும் கீழுமாக இரண்டிரண்டு கதவுகள் இருக்கும். கீழ்க்கதவுகளைச் சாத்திவிட்டு மேற்கதவுகளைத் திறந்து வைப்பார்கள். இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாட்டை நான் எந்த விலைப்பட்டியலிலும் பார்க்கவில்லை. ஆளின் பார்வை விழுவது பெரும்பாலும் கீழ்ப்பாதியில். அறையின் ஆழம்வரை வெளிச்சம் போவது மேற்பாதி வழியே. எங்கள் நகர்த்தும் கண்ணாடி ஜன்னலுக்குக் கதவுகள் கிடையாது. ஆகவே பாதி உயரத்தில் ஸ்பிரிங் கம்பி இரண்டு. ஒன்றில் பகலுக்கு மல் துணி, மற்றொன்றில் இரவுக்குக் கைத்தறியின் கெட்டித் துணி. மேற்பாதி வெறுமனே. கெட்டித் திரையை இழுக்கும் கயிறு அம்மாவின் கைக்கு எட்டும்படி கட்டிலோடு கட்டியிருக்கிறது. துடைத்துவிடும் அம்மாள் வந்ததும் அதை அவளே இழுத்துவிடுகிறாள். வேறு யாரும் தொடுவதை விரும்புவதில்லை.

எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெயில் உள்ளே வர எட்டரை ஆகும். முதலில் பீரோவின் அடியில் விழும். அது தரையில் நகர்ந்து கட்டில் காலுக்கு வந்தால் பத்து. அம்மா இப்போது கடிகாரத்தைக் கேட்பதில்லை. போன வாரம் எதிர்வீட்டு வாசலில் செங்கல் லாரி வந்து நின்றது. இரண்டாம் மாடி எடுக்கிறார்களாம். மேலிருந்து பார்த்தால் எங்கள் வெறும் மேற்பாதி வழியாகக் கட்டில் முழுதும் தெரியும். அதற்குப் பலகை வைத்த வெனிஷியன் ப்ளைண்ட் சரிப்படும். வெளி விளிம்பைத் தாழ்த்தி, உள் விளிம்பை உயர்த்தி வைத்தால் மேலேயிருந்து வரும் பார்வை தடைப்படும். கூடவே அந்த எட்டரை மணி வெயிலும் தடைப்படும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.