மாதுங்கா: அலமாரிக்குள் ஒரு மழைக்காலம்

ஜூலை மாத மும்பையில் துணி காய்ந்துவிட்டது என்பது ஒரு நம்பிக்கைதான். காலையில் மின்விசிறிக்கு அடியில் போட்ட வேட்டி மாலையிலும் சில்லென்று இருக்கும். காய்ந்ததாக நினைத்து மடித்து அலமாரியில் வைத்தால், நான்காம் நாள் கதவைத் திறக்கும்போது மக்கிய வாடை முகத்தில் அடிக்கும். சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 1,400 மி.மீ. மழை. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பருக்குள் 2,000 மி.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்துவிடுகிறது.

மத்திய ரயில்வேயின் மாதுங்கா நிலையத்தில் கிழக்குப் பக்கம் இறங்கி நடந்தால் வாழை இலை, மல்லிகைச் சரம், காபிப்பொடி, அப்பளம் என்று தமிழ்க் கடைத்தெரு விரிகிறது. மழைக்காலத்தில் இதே கடைகளில் இன்னொரு வியாபாரமும் களைகட்டும். அந்துருண்டை, கற்பூரம், வெட்டிவேர், ஈரம் உறிஞ்சும் பிளாஸ்டிக் டப்பா. அலமாரிக்குள் எதையாவது வைத்தால் வாடை போய்விடும் என்பது பகுதிவாசிகளின் நம்பிக்கை.

நான் தங்கிய வீட்டு மாமி இவை அனைத்தையும் வாங்கி வைத்திருந்தார். என் அம்மாவின் பள்ளித் தோழி. கல்யாணமாகி இங்கே வந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. "வேப்பிலை வெச்சேன், கிராம்பு வெச்சேன், சோப்புக்கட்டிகூட வெச்சேன். எல்லா வாசனையும் சேர்ந்து இன்னும் மோசமாப் போச்சு" என்றார். அவருடைய கவலை புடவைகளைப் பற்றி மட்டுமல்ல. அந்த அறையில் படுக்கும் ஏழு வயதுப் பேரனுக்கு மழை பிடித்த நாளிலிருந்து இரவில் இருமல். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "வீட்டில் பூஞ்சை இருக்கிறதா, பாருங்கள்" என்றாராம்.

இருந்தது. அலமாரியின் பின்பலகை முழுவதும் சாம்பல் பூத்தாற்போல.

இந்த வாடைக்கு ஒரு விசித்திரமான உறவினர் உண்டு. முதல் மழையில் தெருவில் எழும் மண் வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள், பூஞ்சை பிடித்த இடங்களின் மக்கல் வாடையிலும் கலந்திருக்கக்கூடியது. தெருவில் நின்று ரசித்து முகர்வதையே அலமாரியில் வெறுக்கிறோம். மூக்கு சொல்வது சரிதான். அடைத்த இடத்தில் அந்த வாசனை வந்தால் அங்கே ஏதோ வளர்கிறது என்று பொருள். அந்துருண்டை அந்துப்பூச்சியை விரட்டும். ஈரத்தை ஒன்றும் செய்யாது. பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையோடு வைத்த துணியைப் போர்த்தினால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்தும் உண்டு. கைக்குழந்தை உள்ள வீடுகள் அதைத் தவிர்ப்பதே நல்லது.

மாதுங்காவில் காற்றில்லாமல் ஓர் அலமாரி நாறுவதில் சரித்திரத்தின் கேலியும் இருக்கிறது. 1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. இருட்டும் நெரிசலுமான குடியிருப்புகள்தான் காரணம் என்று கருதிய அரசு 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட்டை அமைத்தது. தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் அந்த டிரஸ்ட் திட்டமிட்டு மனை பிரித்தது. அகலமான தெரு, வரிசையாக மரங்கள், கட்டடத்துக்குக் கட்டடம் இடைவெளி. அறைக்குள் வெளிச்சமும் காற்றும் வருவதற்காக எதிர்க் கட்டடம் 63.5 டிகிரி கோணத்துக்கு மேல் வானத்தை மறைக்கக் கூடாது என்றுகூட டிரஸ்ட் கணக்கு வைத்திருந்தது. ஊரிலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த தமிழர்கள் குடியேறியது இப்படிக் காற்றுக்காகவே வகுக்கப்பட்ட பேட்டையில்தான்.

பிறகு குடும்பங்கள் பெருத்தன, இடம் பெருகவில்லை. காற்று வாங்கக் கட்டிய 'கேலரி'யைக் கண்ணாடி வைத்து அடைத்து அறையாக்கினார்கள். மாமி வீட்டிலும் அப்படித்தான். அடைத்த கேலரியில் பேரனின் கட்டில். மேற்குச் சுவரோடு ஒட்டினாற்போல் மர அலமாரி. தென்மேற்குப் பருவக்காற்று மழையை அறைவது அதே சுவரில்தான்.

மாமியின் வேண்டுகோளுக்காக ஒரு கொத்தனாரை அழைத்து வந்தோம். உத்தரப் பிரதேசத்துக்காரர். அலமாரியை நகர்த்தச் சொன்னார், சுவரை விரல் முட்டியால் தட்டினார். சில இடங்களில் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம். வெளிப்பூச்சு விட்டுப்போய்ச் செங்கல் தண்ணீர் குடிக்கிறது என்றார். வெளியே எட்டிப் பார்த்தால் குழாய் ஓரம் அரசங்கன்று ஒன்று செழிப்பாக நின்றது.

வெளிச்சுவரை யார் பூசுவது? மாமி பழைய வாடகைதாரர். 1947ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையை 1940ஆம் ஆண்டு அளவில் உறையவைத்தது. 2000இல் அமலுக்கு வந்த புதிய சட்டம் ஆண்டுக்கு 4 சதவீதம் உயர்த்த அனுமதித்தாலும், அடிப்படைத் தொகையே சொற்பம். இந்த வாடகைக்குச் சாரம்கூடக் கட்ட முடியாது என்கிறார் வீட்டுக்காரர். எப்படியும் இடித்துக் கட்டப்போகிறார்கள், இப்போது எதற்குச் செலவு என்கிறார்கள் மற்ற குடித்தனக்காரர்கள். பல ஆண்டுகளாக அந்த 'எப்படியும்' வரவில்லை. மழை மட்டும் ஆண்டு தவறாமல் வருகிறது.

ஆகவே உள்ளே செய்ய முடிந்ததைச் செய்தோம். பேரனின் கட்டில் கூடத்துக்கு வந்தது. அலமாரி காலியானது. நாற்பது வருடம் போட்டு வைத்த நாளிதழ் விரிப்பு, கிழிந்த ஜமக்காளம், மாமாவின் கோட்டு. கோட்டை மட்டும் மாமி சற்று நேரம் மடியில் வைத்திருந்தார். பின் அவரே தூக்கிப் போட்டார். பலகைகளை வினிகரில் நனைத்த துணியால் துடைத்து, இரண்டு நாள் மின்விசிறிக்கு எதிரே திறந்து வைத்தோம். உள்ளே விளக்கு எரியவிடும் பழைய வழக்கத்தை மாமி நினைவுபடுத்தினார். துணிக்கு நடுவே சூடான பல்பு, தீ ஆபத்து என்று விட்டுவிட்டோம். திரும்ப வைத்தபோது அலமாரி உள்சுவர்ப் பக்கம் போனது, சுவருக்கும் பலகைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. துணிகள் பாதிதான். ஒரு மூலையில் அடுப்புக்கரி, ஒரு டப்பா ஈரம் உறிஞ்சி. கேலரிக் கண்ணாடியில் ஒன்றைக் கழற்றிக் கொசுவலை அடித்தார் கொத்தனார்.

அக்டோபரில் மறுபடி போனேன். மும்பையில் அது இரண்டாவது கோடை. கூரைப்புடவையை நேர் வெயில் படாமல் கேலரிக் கொடியில் நிழலாக விரித்திருந்தார் மாமி. ஜரிகை ஓரிடத்தில் கறுத்துவிட்டது, அது திரும்பாது. பேரனின் இருமல் வெகுவாகக் குறைந்திருந்தது. அலமாரியைத் திறந்து முகர்ந்தேன். வெறும் மரவாசனை.

மேற்குச் சுவர் அப்படியேதான் இருக்கிறது. அரசங்கன்று இன்னும் ஒரு சாண் வளர்ந்திருக்கிறது. வீட்டுக்காரருக்கு எழுதிய மூன்றாவது கடிதத்தின் நகலை மாமி என்னிடம் காட்டினார். "ஜூனுக்குள்ள ஏதாவது செய்யட்டும். இல்லேன்னா நானே வெட்டிடுவேன்" என்றார் கன்றைப் பார்த்தபடி.